ஒன்பதாம் படி

எட்டாவது தடவை. ரெமிஜியுஸ் மேஸ்திரி வாசல் கேட்டின் கம்பிக்கு இடது கையால் பச்சை எனாமல் இழுத்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் காதை மட்டும் பின்னால் வைத்திருந்தார். வீட்டு வெளிச்சுவரை ஒட்டி மாடிக்குப் போகிற இரும்புப் படியில் அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் ஏறிக்கொண்டிருந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. வெறுங்கால். பெயிண்ட் கெட்டுப்போகும் என்று செருப்பைக் கீழேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் காலையிலிருந்து ஏறுகிறாள், புண்ணியவதி. ஆறு, ஏழு, எட்டு. எட்டோடு அவருக்கு மூச்சு நின்றுவிடும். ஒன்பது. மற்றப் படியெல்லாம் கிண்ணென்று சொல்லும்போது அது மட்டும் தொம்மென்றது. பத்து. அப்பாடா. பத்து வந்ததும் மூச்சு வந்தது, பிரஷ் நகர்ந்தது, கம்பியில் வழிந்த ஒரு சொட்டைக் கட்டைவிரலால் துடைத்தார். இந்தக் கட்டைவிரல்தான். காலையில் ஒன்பதாம் படிக்குள் போன விரல். இரும்புக்குள் விரல் போகுமா? போனதே. கொப்புளம்போல் பெயிண்ட் உப்பியிருக்கிறதே என்று லேசாகத்தான் அமுக்கினார், அப்பளத்தில் அமுக்கினமாதிரி பொடுக்கென்று உள்ளே போய்விட்டது, விரலைச் சுற்றிக் காவித் தூள். அதற்கு மேஸ்திரி என்ன செய்தார்? சொல்லவே நாக்கூசுகிறது. சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. லப்பத்தைக் குழைத்து ஓட்டையை அடைத்தார், மேலே ஒரு கை எனாமல் பூசினார், இறங்கி வந்து காப்பி குடித்தார். சாயங்காலம் ஆறரைக்கு மாதா சுரூபம், அந்தக் கண்ணாடிக் கூண்டுச் சிலை, இந்த வீட்டுக்கு வருகிறது. செபமாலை மாதம் முழுக்க அன்பியத்து வீடுகளில், அதாவது சேர்ந்து செபம் சொல்கிற இந்த நாலு தெரு வீடுகளில், வீட்டுக்கொரு நாள் இருந்துவிட்டுப் போகிற மாதா. இருபது பெண்களாவது மெழுகுதிரியோடு பின்னால் வருவார்கள். செபம் மாடிக் கூடத்தில், அத்தனை பேரும் அந்தப் படியில்தான் ஏற வேண்டும்.

முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் பெயிண்டிங் மேஸ்திரியாக இருந்தவன் செய்கிற வேலையா இது? இழுவைப் படகு, மிதவை, கிரேன் கால், பாலத்துக் கைப்பிடி என்று எத்தனை இரும்பு அவர் கைபட்டு நின்றது. "துருவுக்கு மேல பெயிண்ட் அடிக்கவன் புண்ணக் கழுவாம பவுடர் போடுதவன்ல!" என்று எத்தனை பேரை நடுவெயிலில் நிறுத்தி ஏசியிருப்பார். கடற்கரை ஊரில் இரும்புக்கு எமன் மழையில்லை, உப்பு. முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவணும். காய்ந்தபிறகு விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்க்கணும். கரித்தால் திரும்பக் கழுவு. அதற்கே அவருக்கு உப்பு மேஸ்திரி என்று பெயர். அப்புறம் சுத்தியலால் கொத்தணும், துரு செதில் செதிலாக விழும், விழுந்தபிறகுதான் உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியும், கொத்தாமல் எந்த மகானுக்கும் தெரியாது. கம்பி பிரஷ், உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, ஒரு நாள் காயவிடணும், அப்புறம் எனாமல், அதுவும் ரெண்டு கை. ஊருக்கு உபதேசம். போன மாதம் தன் வீட்டுப் படிக்கு என்ன செய்தார்? துணியால் தூசி தட்டினார், அடித்தார். பதினாறு படிக்கும் நேரே எனாமல். மாடித் தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒன்பதாம் படியில்தான் விழும் என்று தெரியாதா? தெரியும். முட்டியால் தட்டிக்கூடப் பார்த்தார். சத்தம் மந்தமாகத்தான் வந்தது. அடுத்த வருஷம் தகட்டை வெட்டிப் புதுசு போட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிரஷை முக்கினார். எனாமலுக்கு ஒரு கெட்ட குணம், அடித்த அன்றைக்கு எல்லாமே புதுசாகத் தெரியும். இஞ்ஞாசி வந்து பார்த்து, "ஏ யப்பா, கண்ணாடியால்லா மின்னுது!" என்றாள். அவரும் சிரித்தார்.

சோம்பேறித்தனமா? அதுதான் இல்லை. கை. ஜனவரியில் ஒருநாள் பனியனைக் கழற்றும்போது வலது கை பாதியில் நின்றுகொண்டது. மேலே போக மாட்டேன் என்றது, பின்னால் போக மாட்டேன் என்றது, நெஞ்சு மட்டத்துக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கினால் தோளுக்குள் கத்தியை விட்டுத் திருகினமாதிரி கண்ணில் தண்ணீர் வந்தது. முடி வெட்டப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தோள் இறுகிப்போச்சு, சுகர் இருக்கிறவங்களுக்கு வரும், பயிற்சி செய்யணும், வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும், அடுத்த தடவை வீட்டில யாரையாவது கூட்டிட்டு வாங்க என்றார் டாக்டர். யாரைக் கூட்டிப்போவது? கடையில் ஒரே கூட்டம் என்று சொல்லி, வெட்டாத தலையோடு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து ஒன்பது மாதமாக நாடகம். பனியனை விட்டுப் பட்டன் வைத்த சட்டைக்கு மாறினார், இடது கையால் தலை சீவினார், உத்தரத்தில் ஒட்டடை அடிக்கச் சொன்னால் நாளைக்கு என்றார். கோயிலில்தான் சங்கடம். சிலுவை போட கை நெற்றிக்குப் போக வேண்டுமே. கை போகாவிட்டால் என்ன, நெற்றி வரட்டும் என்று தலையைக் கையை நோக்கித் தாழ்த்தினார், முழங்காலில் நின்று, கண்ணை மூடி, அடிபணிந்தவன்போல. பார்த்தவர்களுக்கு மனசு உருகிப்போயிற்று. "இப்பல்லாம் இவியளுக்கு பக்தி கூடிப்போச்சு டீச்சர்" என்று இஞ்ஞாசி அன்பியத் தலைவி கில்பர்ட்டா டீச்சரிடம் பெருமையாகச் சொன்னதை அவரே காதால் கேட்டார். எங்கே போய் முட்டிக்கொள்ள? ஞாயிற்றுக்கிழமை தோறும் சென்னையிலிருந்து மகன் வின்ஸ்டன் போன் போடுவான். ரெண்டு பேரும் அங்க தனியா என்ன செய்யுதீங்க, வீட்டக் குடுத்துட்டு இங்க வந்துருங்க என்பான். இஞ்ஞாசி ஒரே பதில்தான் சொல்லுவாள்: "அப்பாவால முடியுதுல்லா, முடியுத மட்டும் இங்கதான்." அந்த ஒரு வார்த்தையில்தான் இந்த வீடு நிற்கிறது. அப்பாவால் முடியவில்லை என்று தெரிந்தால் அவள் வாயில் அடுத்து என்ன வரும்? ஏழாவது மாடியில் ஒரு பால்கனி, அதில் ஒரு பிளாஸ்டிக் சேர், அதில் அவர். கடல்காற்றும் இல்லை, துருவும் இல்லை, பெயிண்டும் இல்லை.

இறங்குகிறாள். பதினொண்ணு, பத்து. ஒன்பது. தொம். எட்டு. இறங்கும்போது பயம் கொஞ்சம் குறைவு, ஏன் என்று தெரியாது, இறங்குகிறவள் வீட்டுக்கு வருகிறவள் என்பதாலோ என்னவோ. கேட்டுப் பக்கம் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "அந்த ஒரு கம்பிக்கு எத்தன தடவ அடிப்பீங்க? மாதா என்ன கேட்டயா பாக்க வாறா?" "நாளைக்குத் துருப் புடிச்சா மாதாவா வந்து சுரண்டுவா?" என்று அவர் வாய் தானாகச் சொல்லிற்று. அவள் சிரித்தாள். இப்போது சொல்லிவிடலாம். ஒன்பதாம் படி சரியில்லை இஞ்ஞாசி, அவ்வளவுதான், நாலே நாலு வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் அவள் கேட்பாளே, ஏன் சரியில்ல, போன மாசந்தான அடிச்சீங்க, கொத்திப் பாக்கலயா, ஏன் கொத்தல என்று. சுத்தியலைத் தூக்கக் கை வரவில்லை என்பதில்தானே போய் முடியும். மடியில் கனமிருக்கிறவனுக்கு வழியெல்லாம் பயம். "சேரு நாலு மேல போட்டாப் போதுமா?" என்று அவர் கேட்டார். "கேக்கியளே கேள்வி, வயசானதுவ அஞ்சாறு வருமே" என்று அவள் ரெண்டு சேரை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனாள். ஒன்பதாவது தடவை. அவள் எப்போதும் சுவரை ஒட்டித்தான் கால் வைப்பாள், அங்கே அடியில் ஆங்கிள் சட்டம் இருக்கிறது, தாங்கும். ஓட்டை நடுவில். அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆகாது என்றால் எதற்கு எண்ணுகிறாய் மடையா? ஏழு, எட்டு.

வேறு வழி யோசித்தார். பெயிண்ட் ஈரம் என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டால் தாண்டிப் போவார்களா? கிழவிகளா தாண்டுவார்கள், அதுவும் கையில் திரியோடு. ஒரு பலகையைப் போட்டால்? பலகை எதற்கு என்பாள். அவரே முதலில் ஏறி, சுவரோரம் சுவரோரம் என்று சொல்லிக்கொண்டே போனால்? அட, முதலில் ஏறப்போவது அவர்தானே. இந்த அன்பியத்தில் அது ஒரு முறை. சுரூபத்தைக் கேட்டில் வாங்குவது வீட்டு ஆம்பிளை, வாங்கினவன் இடையில் கைமாற்றக் கூடாது, நேரே பீடத்தில் கொண்டுபோய் வைக்கணும். கண்ணாடிக் கூண்டோடு சேர்த்துப் பத்துக் கிலோவாவது இருக்கும், நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடிக்கணும், எல்லாரும் பார்க்கணும். போன வாரம் யாரும் இல்லாதபோது ஒரு அரிசிப் பையைத் தூக்கிப் பழகினார். இடது கையை அடியில் கொடுத்து, வலது கையை ஒப்புக்கு அணைத்து, ஏழடி நடந்தார், எட்டாவது அடியில் பை சரிந்து தரையெல்லாம் அரிசி. பொறுக்குவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தெருக்கோடியில் கஸ்பார் என்று ஒருத்தன், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வாசல்படி தட்டி மாதாவின் சுண்டுவிரலை ஒடித்தவன். விரலை ஒட்டியாயிற்று, பாதிரியார் மன்னித்தாயிற்று, மாதாவும் மன்னித்திருப்பாள், தெரு மன்னிக்கவில்லை. இன்றைக்கும் எந்தக் கஸ்பார் என்றால் விரலொடிச்சான் கஸ்பார். இவர் என்ன ஆவார்? படி பொத்து, கால் உள்ளே போய், மாதா முதலில் விழுந்து, பின்னால் இருபது பேரும் சரிந்து, கையில் திரி, உடம்பில் நைலெக்ஸ் சேலை. அந்த இடத்தில் நினைப்பு நின்றது, திரும்பிப் போயிற்று, மறுபடியும் சுற்றிக்கொண்டு அதே படிக்கு வந்து நின்றது. பத்தாவது தடவை. பூத்தட்டு. லேசானது.

அவள் ஆசையைச் சொல்லணும். பல வருஷத்துக்கு முன்னால் மாடி கிடையாது, கீழே ஒரு முன்னறை, நாலு பேர் முழங்காலிட்டால் ஐந்தாவது ஆள் வாசலில். மாதா வந்த அன்றைக்கு நல்ல மழை. பாதிப் பெண்கள் தெருவில் நனைந்துகொண்டே செபமாலை சொன்னார்கள். ஒருத்தி, யாரென்று சொல்ல வேண்டாம், "தீப்பெட்டிக்குள்ள மாதாவ வச்சிட்டாவ" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். இஞ்ஞாசி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அந்த ஒரு சொல்லுக்குத்தான் மேலே கூடம் எழும்பியது, கொஞ்சம் கொஞ்சமாக, முடிந்ததே போன வருஷம்தான். போன வருஷம் இவர்கள் முறையன்றைக்குப் புயல் என்று மாதா வரவேயில்லை. இந்த வருஷம் வருகிறாள். கல்யாணச் சேலையை எடுத்துப் பீடத்துக்குப் பின்னால் கட்டியிருக்கிறாள், சீரியல் லைட் போட்டிருக்கிறாள், காலையிலிருந்து ஒரு வாய் சோறு ஒழுங்காக உண்ணவில்லை, ஐம்பத்தெட்டு வயதுக்காரி சிறுபிள்ளை மாதிரி ஓடுகிறாள். அவளிடம் போய் மேலே யாரும் ஏறக்கூடாது என்று எப்படிச் சொல்ல. பதினோராவது தடவை, குடத்தில் தண்ணீர், தண்ணீர் எடை கூடினது, அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார், ஈரப் பெயிண்ட் உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டது. இருபது பேர் இருபது பேர் என்று காலையிலிருந்து கணக்குப் பார்க்கிறாயே ரெமிஜியுஸ், வராத இருபது பேருக்குப் பயப்படுகிறாய், வந்து ஏறிக்கொண்டிருக்கிறவள் யார்? யாருடைய பொண்டாட்டி? அந்தக் கேள்வி வந்ததும் அவருக்கு வெயில் இறங்கின நேரத்திலும் குப்பென்று வேர்த்தது. எழுந்திருக்கணும். எழுந்து போய்ச் சொல்லணும். இதோ இந்தக் கம்பியை முடித்துவிட்டு.

பன்னிரண்டாவது தடவை வெறுங்கையோடு போனாள், லைட் எரிகிறதா என்று பார்க்க. தொம் என்ற சத்தத்தோடு கூடவே டக்கென்று இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது. அவள் இறங்கி அடுப்படிக்குள் போகிறவரை காத்திருந்துவிட்டு, படிக்கு அடியில் போய்ப் பார்த்தார். கூட்டிப் பெருக்கின தரையில் ஒரு துண்டு லப்பம், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் காவி. நிமிர்ந்து பார்த்தால் ஒன்பதாம் படியில் கட்டைவிரல் அளவு வானம். சுற்றிலும் செதில்கள் தொங்கின. அடப் பாவி, அடைத்தாயே, அதுவும் நிற்கவில்லையே. அந்தத் துண்டை எடுத்தார். எடுத்து என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் ஒரு தடவை மறைத்தார். அந்த நேரத்தில் ரெண்டு மூணு தெரு தள்ளி மாதா பாட்டு லேசாகக் கேட்டது, புறப்பட்டுவிட்டார்கள். அடுப்படியிலிருந்து இஞ்ஞாசி வந்தாள். ரெண்டு கையிலும் துணியைச் சுற்றிச் சுண்டல் தேக்சாவைப் பிடித்திருந்தாள், ஆவி முகத்தில் அடித்தது, காலைப் பார்க்க முடியாது, கைப்பிடியைப் பிடிக்க முடியாது, சுவரோரம் தேக்சா இடிக்கும், நடுவில்தான் ஏறியாகணும். ஒண்ணு. ரெண்டு. அவர் அடியில் நின்றபடியே அவள் பாதங்களைப் பார்த்தார், ஒவ்வொரு படியிலும் இரும்பு விளிம்பில் வெள்ளையாக அமுங்கி எழுகிற பத்து விரல். அஞ்சு. ஆறு. சொல்லு. ஏழு. எட்டு. வலது காலைத் தூக்கினாள்.

"கால வைக்காத!"

தெருவே கேட்டிருக்கும். தூக்கின கால் அப்படியே நின்றது. "என்னங்க? பல்லியா?" என்றாள் அவள் மேலிருந்து. "வைக்காத இஞ்ஞாசி. படி பொத்துப்போச்சு. எறங்கு. மெல்ல." அவள் தேக்சாவை நெஞ்சோடு அணைத்து ஒவ்வொரு படியாக இறங்கினாள், கீழே வைத்தாள், துணியை உதறினாள், அவர் பக்கத்தில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டை வழியாக மாடி சீரியல் லைட் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தது. "எப்பம் ஆச்சு?" "காலைல பாத்தேன்." "காலைலயா? போன மாசந்தான அடிச்சீங்க? நீங்க அடிச்ச இரும்பா இப்பிடி?" "கொத்தல. கொத்தாம அடிச்சேன்." "ஏன்?" இதோ வந்துவிட்டது. ஒன்பது மாதம் ஓடி ஓடி ஒளிந்த இடம். அவர் வாயால் சொல்லவில்லை, கையைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சுவரை வந்தது, நின்றது. இன்னும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார், முகம் கோணிற்று. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன நாளா?" "ஜனவரி." அவள் உதடு அசைந்தது, ஏதோ எண்ணுகிறவள்போல. "அப்பம் கோயில்ல தலையக் குனிஞ்சு குனிஞ்சு சிலுவ போட்டது?" அவர் கையை இறக்கினார். "பக்தின்னுல்லா நெனச்சேன்" என்றாள், சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரலில். பிறகு படியைப் பார்த்தாள், தேக்சாவைப் பார்த்தாள், அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "யம்மா மாதாவே. காலைலருந்து பத்துப் பதினோரு தடவ ஏறி எறங்கிட்டேனே இதுல."

"பன்னெண்டு" என்றார் மேஸ்திரி.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமா? அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். "எண்ணிக்கிட்டா இருந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவருக்கு அழுகை வந்தது, வெட்கம் கெட்ட அழுகை, பெயிண்ட் கையால் துடைக்கவும் முடியவில்லை. பாட்டு பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது. அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள், கட்டிலுக்கு அடியில் கிடந்த சுத்தியலைக் கொண்டுவந்து அவர் இடது கையில் திணித்தாள். "ஒடைங்க. தெரியாம எவளாவது ஏறிருவா. முழுசா ஒடைங்க." அவர் எட்டாம் படிவரை ஏறி, இடது கையால் அடித்தார். முதல் அடி கோணலாகப் போயிற்று. மூன்றாவது அடியில் தகட்டின் நடுப்பாகம் அப்படியே பெயர்ந்து கீழே விழுந்தது, பச்சை மேலே, காவி கீழே. மேலே கல்யாணச் சேலையும் லைட்டும் சேர்களும் ஆளில்லாமல் மின்னிக்கொண்டிருந்தன. அவள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முற்றத்தில் கிடந்த துவைக்கிற கல்லைக் கழுவி, அதன்மேல் தன் தோளில் கிடந்த துண்டை விரித்து, நாலு பூவைப் போட்டாள்.

கேட்டில் கூட்டம் வந்து நின்றது. கில்பர்ட்டா டீச்சர் சுரூபத்தை மேஸ்திரி கையில் கொடுத்தார். இடது கை அடியில் போயிற்று, வலது கை நெஞ்சோடு நின்றது, கூண்டு லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. அப்போது வலது முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்து தாங்கியது. இஞ்ஞாசி அவரைப் பார்க்கவில்லை, நேரே பார்த்து நின்றாள். "முறை இல்லையே இது" என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். டீச்சர் படிப்பக்கம் பார்த்து, "மாடிக்கு இல்லையா?" என்றார். சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் இஞ்ஞாசி சொன்னாள்: "படி சரியில்ல டீச்சர். இவியளுக்குக் கையும் சரியில்ல." அவ்வளவுதான். ஒன்பது மாதம் கட்டிக் காத்தது ஒரு மூச்சில் தெருவுக்கு வந்துவிட்டது, வானம் இடிந்து விழவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் இருந்திச்சு, நல்லெண்ண தேச்சு விடுங்க" என்றாள் ஒருத்தி. துவைக்கிற கல்லில் மாதா உட்கார்ந்தாள். இருபது பேரும் முற்றத்தில் விரிந்து முழங்காலிட்டார்கள், ரெண்டு பேர் முந்தானையில் கேட்டின் பச்சை ஒட்டியிருந்தது. பிதா சுதன் என்று டீச்சர் தொடங்கினதும் மேஸ்திரியின் தலை பழக்கத்தில் கீழே இறங்கப் பார்த்தது. "குனியாதீங்க" என்று பக்கத்திலிருந்து பல்லுக்குள் ஒரு குரல் வந்தது. "கை வந்த மட்டுக்கும் போதும்." அவர் நிமிர்ந்தார். கை நெஞ்சுவரை வந்தது. அங்கேயே சிலுவை போட்டார். "அந்தப் பன்னெண்டு தடவைக்கு நாளைக்கு வச்சிருக்கேன் உங்களுக்கு" என்றாள் அவள், செபமாலை மணியை உருட்டிக்கொண்டே.